ராத்திரி பத்து மணிக்கு ஒரு மெசேஜ்: கொரியப் பள்ளிப் பசங்களும் 'நோ தம்' போனும்



கே-டிராமா பார்த்துப் பார்த்து சியோல் தெருக்கள் நம்மில் பாதிப் பேருக்குப் பழகிய தெருக்கள் ஆகிவிட்டன. அந்தத் தெருவில் ஒரு பையனைக் கற்பனை பண்ணிக்கோங்க. வயசு பதினாறு. பள்ளிக்கூடம் முடிஞ்சு, 'ஹக்வொன்' என்று அவர்கள் சொல்லும் டியூஷன் சென்டரும் முடிஞ்சு, ராத்திரி பத்து மணிக்கு வெளியே வர்றான். (சியோலில் பத்து மணிக்கு மேல் டியூஷன் நடத்தக் கூடாது என்று விதியே இருக்கு. அப்படி ஒரு விதி போட வேண்டிய நிலைமை என்றால் பார்த்துக்கோங்க.) தலை கனக்குது. எதிரே 24 மணி நேரக் கடை பளிச்சென்று இருக்கு. கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகள் அடுக்கி வச்சிருக்கு. அவனுக்கு விற்க மாட்டாங்க. 19 வயசு ஆகும் வருஷம் வரைக்கும் அங்கே சிகரெட் வாங்க முடியாது. சட்டம் கடுமையானது, கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார்.

ஆனா அவன் கையில் போன் இருக்கே.

கொரியாவில் 'தேல்கு' என்று ஒரு சொல் உண்டு. 'தேரி குமே', அதாவது வேறொருவருக்காக வாங்கிக் கொடுப்பது என்பதன் சுருக்கம். யாரோ ஒரு பெரிய ஆள் சமூக வலைத்தளத்தில் குறிச்சொல் போட்டு எழுதி வைப்பார். பசங்க மெசேஜ் அனுப்புவாங்க. சிகரெட் விலையோடு கொஞ்சம் 'உழைப்புக் காசும்' சேர்த்து வாங்கிக்கொண்டு, எங்கேயாவது நின்று கைமாற்றி விடுவார். சட்டப்படி குற்றம். சியோலைச் சுற்றியிருக்கும் க்யொங்கி மாகாண அதிகாரிகள் இப்படிச் செய்தவர்களைப் பிடித்துமிருக்கிறார்கள். ஆனாலும் நடக்குது.

ஆக, சிகரெட்டை அந்தப் பையன் கையில் கொண்டு வந்து சேர்ப்பது போன். அதே போன், அதே பத்து மணிக்கு, அவனை அதிலிருந்து வெளியே கொண்டு வர உதவுமா? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான். நாமெல்லாம் மினி ப்ராஜெக்ட் என்றாலே ஆப் செய்யக் கிளம்புகிற ஆட்கள் என்பதால் நமக்கும் இதில் வேலை இருக்கு.

முதலில் கணக்கு

2005 முதல் ஒவ்வொரு வருஷமும் கொரிய அரசு நடுநிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்துகிறது. பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் உட்கார வைத்து, பெயர் கேட்காமல், இணையத்திலேயே பதில் வாங்குகிறார்கள். 'கடந்த 30 நாளில் ஒரு நாளாவது சிகரெட் பிடித்தாயா?' என்பதும் ஒரு கேள்வி. 2005ல் 'ஆமா' சொன்னவர்கள் 11.8%. 2007ல் 13.3% வரை ஏறியது. 2024ல் 3.6%.

பெரிய இறக்கம்தான். 2015 ஜனவரியில் ஒரு பாக்கெட் விலை 2,500 வொன்னிலிருந்து 4,500 வொன்னுக்கு ஒரே தாவாகப் போனது. 2016 டிசம்பரிலிருந்து பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் வந்தது. டிவியில் சிகரெட் தெரிந்தால் அந்த இடத்தை மங்கலாக்கி விடுவார்கள், நீங்களே பார்த்திருப்பீங்க. 2020ல் சுகாதாரத் துறை 'நோதம்' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. கொரிய மொழியில் புகையிலைக்கு 'தம்பே' என்று பெயர். 'நோ'வோடு அதன் முதல் அசையைச் சேர்த்தால் 'நோதம்'. 'நோதப்' என்றால் பசங்க பேச்சில் 'இது தேறாத கேஸ்' என்று அர்த்தம். அந்த ஒலியோடு இது எதுகை சேர்ந்ததால் நல்லா பிடித்துக்கொண்டது. நம்ம 'தம் அடிக்கிறது' ஞாபகம் வருதா? இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. அவங்க 'தம்பே' போர்த்துகீசிய 'தபாக்கு'விலிருந்து ஜப்பான் வழியாகப் போனது. நம்ம 'தம்' மூச்சு என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஆனா 'நோ தம்' என்று நாம் சொன்னாலும் அர்த்தம் மாறாது என்பது வேடிக்கைதான்.

3.6% என்றால் பிரச்சினை முடிஞ்சதா? அந்த வகுப்புகளில் மொத்தம் சுமார் 26 லட்சம் மாணவர்கள். பெருக்கிப் பாருங்க, தொண்ணூறாயிரத்துக்கும் மேல். விலை ஏறினதும் விடக்கூடியவங்க விட்டுட்டாங்க, படத்தைப் பார்த்துப் பயப்படக்கூடியவங்க பயந்துட்டாங்க. அதற்கெல்லாம் அசையாமல் மிச்சம் இருப்பவர்கள்தான் இந்தத் தொண்ணூறாயிரம் பேர். இதற்கு நடுவில் 2017ல் சூடாக்கிப் புகைக்கும் சிகரெட் கடைக்கு வந்தது. வாசனை சேர்த்த மின்சிகரெட் திரவங்களும் வந்தன. 'புகையிலை' என்றால் புகையிலைச் செடியின் இலையிலிருந்து செய்தது என்று பழைய சட்டம் வரையறுத்து வைத்திருந்ததால், ஆய்வகத்தில் தயாரித்த நிகோடின் பல வருஷம் அந்த வரையறைக்கு வெளியே சுகமாக நழுவிக்கொண்டிருந்தது.

அந்த நமநமப்பு எவ்வளவு நேரம்?

ஆப் எழுதுவதற்கு முன்னால் எதற்கு எழுதுகிறோம் என்று தெரிய வேண்டும். நிகோடின் உள்ளே போனதும் சில நொடிகளில் மூளைக்குப் போய் ஏற்பிகளில் உட்காருது, டோபமின் சுரக்குது. ரத்தத்தில் அதன் அரை ஆயுட்காலம் சுமார் இரண்டு மணி நேரம். அளவு இறங்க இறங்க எரிச்சல், கவனம் சிதறல், நாக்கில் ஒரு நமநமப்பு. அடுத்த சிகரெட் அந்தத் தொந்தரவைத்தான் தீர்க்குது. பையனோ 'டென்ஷன் குறையுது' என்று நினைச்சுக்கறான். டென்ஷனில் பாதியை உண்டாக்கினதே முந்தைய சிகரெட்தான்.

நமக்கு முக்கியமான எண்கள் இரண்டு. விட்ட பிறகு வரும் தொந்தரவு முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். தனித்தனியாக வரும் ஒவ்வொரு நமநமப்பு அலையும் சில நிமிஷம்தான். ஐந்து நிமிஷம் தாண்டினால் தானாக இறங்கும். அதாவது நம் ப்ரோக்ராமுக்குக் கிடைக்கும் ஜன்னல் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் எப்போது வரும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது: ஹக்வொன் வாசல், பரீட்சை முடிந்த மதியம், கூட்டாளிகள் ஒதுங்கும் கட்டடத்துப் பின்பக்கம். பதினாறு வயசு மூளையில் 'வேண்டாம், பொறு' என்று சொல்லும் முன்பகுதி இன்னும் முழுசாக வளரவில்லை. இருபதுகளின் நடுவில்தான் முதிரும். நாள் தவறாமல் பிடிக்காத பசங்களுக்குக்கூட இந்த நமநமப்பு வரும் என்பதையும் சேர்த்துக்கோங்க.

உதவி இருக்கு, பையன்தான் கூப்பிடுவதில்லை

கொரியாவில் உதவிக்குப் பஞ்சமில்லை. தேசியப் புற்றுநோய் மையம் 2006 முதல் 1544-9030 என்ற எண்ணில் இலவச ஆலோசனை தருகிறது. ஊர் ஊராக இருக்கும் பொதுச் சுகாதார மையங்களில் புகை நிறுத்தும் பிரிவு இருக்கு. வழிகாட்டும் அரசு இணையதளமும் இருக்கு.

ஆனா ஒரு பதினாறு வயசுப் பையன் முன்பின் தெரியாத பெரியவருக்கு போன் போட்டு 'நான் சிகரெட் பிடிக்கிறேன்' என்று சொல்வானா? நம்மில் பல பேர் சாப்பாடு ஆர்டர் பண்ணக்கூட வாய் திறந்து பேச மாட்டோம். அதைவிட அவனுக்குப் பெரிய பயம், விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுமோ, அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமோ என்பது. அந்தப் பயம் வெறும் பிரமை இல்லை. கொரிய டீன் ஏஜ் பசங்களுக்கும் அரசு சொன்ன ஆப்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கு.

2011ல் 16 வயசுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 'சிண்ட்ரெல்லா சட்டம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். பசங்க அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனாங்க. பத்து வருஷம் தள்ளாடி, 2022 தொடக்கத்தில் அது ரத்தானது. 2015ல் இன்னொன்று: சிறுவர்களின் போனில் தகாத உள்ளடக்கத்தைத் தடுக்கும் மென்பொருள் கட்டாயம். அதற்காகப் பரவலாகப் பரிந்துரைத்த ஆப் 'ஸ்மார்ட் ஷெரிஃப்'. அந்த செப்டம்பரில் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அதைப் பிரித்துப் பார்த்தால், 26 பாதுகாப்பு ஓட்டைகள். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஆப்பே பிள்ளைகளின் விவரங்களைத் திறந்து போட்டிருந்தது. சில மாதங்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தக் கதையோடு வளர்ந்த தலைமுறைக்கு 'உன் நல்லதுக்காக ஓர் ஆப்' என்று நீட்டினால் அவன் முதலில் கேட்பது: இது யாருக்கு ரிப்போர்ட் அனுப்பும்? நம்ம ப்ராஜெக்ட் பிரசன்டேஷன்களில் 'பெற்றோருக்கு டேஷ்போர்டு' என்று ஒரு ஸ்லைடு தவறாமல் வரும், கவனிச்சிருக்கீங்களா? நடுவர்கள் தலையாட்டுவார்கள். இந்த விஷயத்தில் அந்த ஸ்லைடு வந்த நிமிஷமே ஆப் செத்தது என்று என் எண்ணம். கண்காணிக்கும் கருவியிடம் யாரும் தான் தவறினதைச் சொல்ல மாட்டாங்க. தவறினதைச் சொல்லவில்லை என்றால் உதவ வழியே இல்லை.

எஸ்.எம்.எஸ் ஜெயிச்ச கதை

இனி ஆராய்ச்சிப் பக்கம். பிரிட்டனில் 'டெக்ஸ்ட் டு ஸ்டாப்' என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. 2011ல் லான்செட் இதழில் வந்தது, 5,800 பேர். ஒரு குழுவுக்கு முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து எஸ்.எம்.எஸ், அப்புறம் ஆறு மாதம் வாரம் மூன்று. நமநமப்பு வந்தால் ஒரு சொல்லை அனுப்பலாம், தவறிப் பிடித்துவிட்டால் இன்னொரு சொல். உடனே பதில் வரும். அவ்வளவுதான். படமில்லை, அனிமேஷன் இல்லை. ஆறு மாதம் கழித்து, உடல் மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் விட்டவர்கள் 10.7%. சும்மா நன்றி மெசேஜ் மட்டும் வந்த குழுவில் 4.9%. இரண்டு மடங்குக்கும் மேல்.

2019ல் கோக்ரேன் குழு இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தது. பெயரளவு உதவியைவிட எஸ்.எம்.எஸ் சுமார் ஒன்றரை மடங்கு பலன் தருது. ஸ்மார்ட்போன் ஆப்களுக்கு அப்போது அப்படி எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. (ஆப் என்றாலே வீண் என்று அர்த்தமில்லை. அடுத்த வருஷமே அமெரிக்காவில் 2,415 பெரியவர்களிடம் நடந்த சோதனையில், நமநமப்போடு மல்லுக்கட்டாமல் அதை வந்து போகவிடச் சொல்லிக் கொடுத்த ஓர் ஆப் 28.2% பேரை நிறுத்த வைத்தது. ஒப்பிட்ட பழைய ஆப் 21.1%.)

ஏன் பழைய எஸ்.எம்.எஸ் இவ்வளவு நல்லா ஓடுது? யோசிச்சா எளிது. ஆப்பை நாம் தேடிப் போய்த் திறக்கணும். நமநமப்பு வந்த நிமிஷத்தில் 'விடணும்' என்ற எண்ணமே தரைமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் யார் போய் ஐகானைத் தேடுவா? மெசேஜ் தானாக வந்து கதவைத் தட்டுது.

டீன் ஏஜ் வயசுக்கு நெருக்கமான ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் மின்சிகரெட்டை விட நினைக்கும் பசங்களுக்கான மெசேஜ் திட்டத்தை 13 முதல் 17 வயசு வரையிலான 1,503 பேரிடம் சோதித்தார்கள், 2024ல் முடிவு வந்தது. ஏழு மாதம் கழித்து மெசேஜ் வாங்கிய குழுவில் 37.8% விட்டிருந்தாங்க, மற்ற குழுவில் 28.0%. அது அமெரிக்கா, அது மின்சிகரெட். ஆனா வயசு நம்ம ஹக்வொன் பையனுடையது.

சரி, அவனுக்கு என்ன செய்யலாம்?

இங்கிருந்து என் யோசனைகள். தப்பா இருந்தா அடுத்த இதழில் திட்டுங்க.

புது ஆப் வேண்டாம். கொரியாவில் கிட்டத்தட்ட எல்லார் போனிலும் ககாவோடாக் இருக்கு, நமக்கு வாட்ஸ்அப் மாதிரி. அதிலேயே ஒரு சாட் கணக்கு போதும். முகப்பில் புது ஐகான் வராது, அம்மா 'இது என்னடா' என்று கேட்க மாட்டாங்க. நோட்டிஃபிகேஷனில் முதல் வரி பூட்டிய திரையிலேயே தெரியும் என்பதை மறக்கக் கூடாது. 'இன்று புகைக்காமல் 4ஆம் நாள்!' என்று அது வகுப்பு நடுவில் மின்னினால் கதை முடிஞ்சது. 'பத்து மணி ஆச்சு, சாப்பிட்டியா?' என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பெயர், பள்ளி, வகுப்பு எதுவும் கேட்கக் கூடாது. 14 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தைச் சேகரிக்க அங்கே பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். அதனால் சேகரிக்காமலே வேலை நடக்குமா என்றுதான் முதலில் யோசிக்கணும்.

நேரத்தை எப்படிப் பிடிப்பது? ஜி.பி.எஸ். வைத்து 'அந்தக் கட்டடத்துப் பின்னால் போனால் மெசேஜ் அனுப்பு' என்று செய்யத் தோணும். தொழில்நுட்பமாக அழகுதான். ஆனா இடம் சர்வருக்குப் போனால் நாமும் ஷெரிஃப்தான். பையனிடமே கேட்கலாமே: உனக்கு எப்போ கஷ்டமா இருக்கும்? 'பத்து மணி, ஹக்வொன் விட்டதும்' என்று அவனே சொல்வான். 9:58க்கு ஒரு மெசேஜ் திட்டமிட்டு வைக்க மெஷின் லேர்னிங் தேவையில்லை, ஒரு க்ரான் ஜாப் போதும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல். அந்த பாட் எந்த மரியாதையில் பேசணும்? நமக்கு நீ, நீங்க இருக்கிற மாதிரி கொரிய மொழியிலும் உண்டு, நம்மைவிடக் கறார். நெருங்கியவர்களிடம் பேசுவது 'பன்மல்'. மற்றவர்களிடம் மரியாதைப் பேச்சு. அதிலும் '-ம்னிதா' என்று முடியும் மேடைப் பேச்சு வேறு, '-யோ' என்று முடியும் மென்மையான பேச்சு வேறு. '-ம்னிதா'வில் எழுதினால் பிரின்சிபால் சர்க்குலர் மாதிரி இருக்கும். எடுத்ததும் பன்மலில் இறங்கினால், 'யார் நீ எனக்கு?' என்று தோணும். பெரியவங்க பசங்க மாதிரி நடிப்பதை எந்த ஊர்ப் பசங்களும் அரை நொடியில் கண்டுபிடிச்சிடுவாங்க. '-யோ'வில் ஆரம்பிச்சு, 'பன்மல்ல பேசலாமா?' என்று ஒரு நாள் கேட்டு, அவன் சரி என்றால் மாறுவதுதான் நிஜ வாழ்க்கையில் அங்கே நடக்கும் முறை. பாட்டும் அதையே செய்யலாம். வேறு மொழியில் எழுதிய மெசேஜ்களை அப்படியே மொழிபெயர்த்து ஏற்றினால் இந்த இடத்தில்தான் விழும்.

மரியாதை இன்னொரு இடத்திலும் வருது. சிகரெட்டை நீட்டுவது பெரும்பாலும் கூட்டாளி, அதுவும் ஒரு வயசு மூத்தவன் என்றால் 'ஹ்யொங்', அண்ணன். அண்ணன் நீட்டினதை 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வது அங்கே லேசான காரியம் இல்லை. 'வேண்டாம் என்று சொல்லப் பழகு' என்று மொட்டையாக அறிவுரை அனுப்பினால் பையன் சிரிச்சிடுவான். அவனுக்குத் தேவை வாயில் வைக்க ஒரு வாக்கியம்: 'அண்ணே, தொண்டை சரியில்ல', 'வீட்டுல மோப்பம் பிடிக்கிறாங்கண்ணே, ஒரு மாசம் விடுங்க'. பொய்தான். அண்ணனின் முகமும் போகாது, இவன் கையும் நீளாது. மரியாதையோடு நழுவும் இப்படி இருபது வாக்கியத்தை அந்த ஊர்ப் பசங்களையே எழுதச் சொல்லி வாங்கி வைக்கலாம்.

அப்புறம் அந்த நாள் கணக்கு. மொழி கற்றுத்தரும் ஆப்களிலிருந்து எல்லாரும் காப்பி அடிக்கும் விஷயம்: 12 நாள் தொடர்ந்தாய், சபாஷ், ஒரு நாள் தவறினாய், மறுபடி பூஜ்யம். சிகரெட் விஷயத்தில் இது விஷம். ஒன்று பிடித்துவிட்டான், எண் பூஜ்யம் ஆயிடுச்சு, 'போச்சு, இனி என்ன' என்று பாக்கெட்டையே முடிச்சிடுவான். ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் இந்த மனநிலையைப் பழக்க அடிமை ஆய்வில் மார்லட் என்ற உளவியலாளர் ரொம்ப முன்னாடியே விளக்கியிருக்கார். அதனால் எண்ணை இறக்காதீங்க. '14 நாளில் 13 நாள் பிடிக்கல. அந்த ஒண்ணு எங்க, யார்கூட?' என்று கேளுங்க. அவன் தரும் பதிலில் இருந்து அடுத்த மெசேஜின் நேரம் கிடைக்கும்.

சில பசங்களுக்கு மெசேஜ் போதாது. எழுந்ததும் அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படும் பையன், சிகரெட்டைத் தாண்டி மனசே உடைஞ்சு போயிருக்கும் பையன், இவங்களை பாட் பிடித்து வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 'உனக்குப் பதிலா நானே ஆலோசகர்கிட்ட சாட்ல சேர்த்து விடவா?' என்று கேட்டு மனுஷங்க கையில் கொடுக்கணும். பாட்டுக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை என்றுகூடச் சொல்வேன்.

விட்டானா என்று எப்படித் தெரியும்?

சுகாதார மையத்தில் மூச்சை ஊதச் சொல்லி கார்பன் மோனாக்ஸைடு அளப்பார்கள். எரியும் சிகரெட்டுக்குச் சரி. மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த மீட்டரில் மாட்டாது. கொட்டினின் என்ற பொருளைச் சோதித்தால் தெரியும். நிகோடின் உடலில் உடைந்து உண்டாவது, அரை ஆயுட்காலம் சுமார் 16 மணி நேரம், சில நாள் வரை எச்சிலிலும் சிறுநீரிலும் கிடைக்கும். ஆனா நிகோடின் பட்டை ஒட்டியிருந்தாலும் அதே கொட்டினின் வரும். வீட்டிலிருந்து வீடியோவில் காட்டச் சொல்லிச் சோதிக்கலாம்தான். பெயரே கேட்காத ஒரு சேவை எச்சில் கேட்டால் எவன் தங்குவான் என்பது வேறு விஷயம்.

கடைசியாக அந்த 28.0% என்ற எண்ணுக்குத் திரும்பிப் போங்க. அது எந்த மெசேஜ் உதவியும் வாங்காத குழு. விட விருப்பப்பட்டுப் பதிவு செய்த பசங்களில் நாலில் ஒருத்தருக்கும் மேல் தானாகவே விட்டிருக்காங்க. அதனால் ஹேக்கத்தானில் யாராவது 'எங்க ஆப் பயன்படுத்தியவர்களில் 28% பேர் விட்டுட்டாங்க' என்று ஸ்லைடு போட்டால், ஆப் ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. அதுகூட, நடுவில் காணாமல் போனவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தால்தான் 28. நல்ல ஆய்வுகளில் பதில் வராத ஆட்களை 'இன்னும் பிடிக்கிறார்' என்றே எண்ணுவார்கள். நூறு பேர் ஆப்பை இறக்கி, பத்துப் பேர் மட்டும் கடைசி வரை இருந்து, அதில் ஐந்து பேர் விட்டிருந்தால் வெற்றி 50% இல்லை, 5%. மிச்சத் தொண்ணூறு பேரில் ஒருவன் இன்னும் ராத்திரி பத்து மணிக்கு ஹக்வொன் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.